கை தட்டாத ஆள்

உட்காருங்க சார் என்று சொல்லிவிட்டுப் போனான் உதவி இயக்குநர் தம்பி, உட்கார்ந்திருக்கிறேன், ஆனால் முழுசாக இல்லை, நாற்காலியின் விளிம்பில் பாதி உடம்பு, மீதியை முழங்கால்கள் தாங்குகின்றன. கோட்டுப் போட்டுக்கொண்டு உட்காரக் கூடாது, முதுகில் மடிப்பு விழும், மடிப்பு விழுந்தால் காஸ்ட்யூமில் கத்துவார்கள் என்பது இருபத்தாறு வருஷப் பாடம், அவ்வளவு சீக்கிரம் உடம்பை விட்டு இறங்காது. ஜூனியர் ஆர்ட்டிஸ்ட் கூட்டத்துக்கு நாற்காலி ஏது? சுவரில் சாய்ந்தால் பெயின்ட் ஒட்டும், தரையில் உட்கார்ந்தால் தூசி, ஆகவே நிற்பதுதான் எங்கள் தொழில், அதில் நான் கெட்டிக்காரன். இன்றைக்கு நாற்காலி. பக்கத்தில் ஒரு ஸ்டூல், அதன் மேல் தட்டு, தட்டில் பொங்கலும் இரண்டு மெதுவடையும், வரிசையில் நிற்காமலே தேடி வந்து வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். ஒரு வாய்கூட இறங்கவில்லை. எதிரே அந்த அறை. முப்பதாவது மாடி அலுவலகம் என்று கதையில் வரும், பூந்தமல்லி தாண்டி ஒரு ஸ்டூடியோத் தரையில் பலகையடித்துக் கட்டியது. கண்ணாடிக்குப் பின்னால் பம்பாய்க் கடல், துணியில் அச்சடித்தது, பெரிய ஃபேன் இந்தப் பக்கம் திரும்பும்போதெல்லாம் கடல் லேசாக உப்பி அடங்குகிறது. எட்டு வருஷத்துக்கு முன்னால் இதே அறைதான், இதே நீள மேஜை, இதே கடல். அச்சு அசலாக மறுபடியும் கட்டிவிட்டார்கள். மறுபடி கட்ட முடியாதது நான் ஒருவன்தான், அதனால் ஆளனுப்பிக் கூப்பிட்டிருக்கிறார்கள். முருகா, கை ஏன் இப்படி வியர்க்கிறது.

வியர்வையைக் கோட்டில் துடைக்கக் கூடாது. கைக்குட்டையும் இல்லை, வைக்கப் பாக்கெட் இருந்தால்தானே. ஜூனியர் கோட்டுகளுக்குப் பாக்கெட்டைத் தைத்து மூடியிருப்பார்கள், பீடிக்கட்டையும் பஸ் டிக்கெட்டையும் திணித்துக்கொண்டு உப்பலாக நிற்பார்கள் என்று பயம். இது அதே கோட்டு. காலையில் குணவதி கொண்டுவந்து தோளில் போட்டாள். காஸ்ட்யூமில் இருக்கிறாள், அன்றைக்கும் இருந்தாள், இன்றைக்கும் இருக்கிறாள், வாயில் எப்போதும் ரெண்டு குண்டூசி. "அதே கோட்டுதான்ணே. பெட்டியில தனியா வெச்சிருந்தேன்" என்றாள். அவள் அந்தப் பக்கம் திரும்பியதும் வலது கைப் பட்டியை உள்பக்கமாகத் திருப்பிப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. துடைத்துவிட்டாற்போலச் சுத்தம். எட்டு வருஷமாக என் மனசில் இருக்கும் கறை கோட்டில் இல்லை. எனக்கு உயரம் உண்டு, நரை சீக்கிரம் வந்துவிட்டது, மூக்கு கொஞ்சம் எடுப்பு, ஏஜென்ட் பாண்டுரங்கன் முதல் நாளே என்னை ஏற இறங்கப் பார்த்து "தணிகாசலம், உனக்கு லுங்கி ஆவாது, கோட்டுதான்" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து கோட்டுதான். ரிசப்ஷனில் மொய்க்கவர் நீட்டுகிறவன், ஆபரேஷன் தியேட்டர் வாசலில் தலையை ஆட்டுகிற டாக்டருக்குப் பின்னால் தலையை ஆட்டுகிற இன்னொரு டாக்டர், வில்லனின் கம்பெனியில் டைரக்டர். எத்தனை கம்பெனிக்கு டைரக்டராக இருந்திருக்கிறேன், ஒரு பங்கு வாங்கியதில்லை. கஸ்தூரி கேலி பண்ணுவாள், "போர்டு மீட்டிங் முடிஞ்சிதா? முடிஞ்சா வர்ற வழியில கொத்தமல்லி வாங்கிட்டு வாங்க" என்று. நல்ல மனைவி. கோட்டைக் கழற்றிவிட்டு வருகிற ஆளைக் குறைத்துப் பார்க்காத மனைவி.

அந்தப் படமும் கம்பெனிப் படம்தான். சக்கரவர்த்தி என்று ஒருத்தன். நொடிந்துபோன கம்பெனிகளை வாங்குவான், நொடியாததையும் நொடிய வைத்து வாங்குவான், இடத்தைத் தனியாக, மெஷினைத் தனியாக, பேரைத் தனியாக விற்பான், ஆட்டை அறுத்துக் கூறு போடுகிற மாதிரி. கூறு போட்டதில் மிஞ்சுவது அங்கே வேலை பார்த்த ஆட்கள், அவர்களை யாரும் வாங்கமாட்டார்கள். பேராசையைப் பற்றிய படம் என்று போஸ்டரிலேயே போட்டிருந்தார்கள், ஜனங்கள் அந்தப் பேராசைக்காரனைப் பார்த்துத்தான் விசிலடித்தார்கள், ஹீரோ சார் அந்த நீலக் கோட்டில் அப்படி இருந்தார். முதல் பாகம் முடிகிற ஷாட் இந்த அறையில். சக்கரவர்த்தி கடைசியாகத் தன்னை வளர்த்துவிட்டவரின் கம்பெனியையே விழுங்கிவிட்டு மேஜைத் தலையில் நின்றுகொண்டு, இனி இது நம்முடையது என்கிறான். கூடியிருக்கிற கோட்டுகள் எல்லாம் கை தட்ட வேண்டும். அவ்வளவுதான் எங்களுக்குச் சொன்னது. சிரிச்சிக்கினே தட்டுங்க, நான் கட் சொல்ற வரைக்கும் தட்டுங்க என்று அசோசியேட் டைரக்டர் மைக்கில் கத்தினார். உயரமாக இருந்ததால் என்னை ஹீரோ சாரின் வலது தோளுக்குப் பின்னால் நிறுத்தினார்கள். எல்லாரும் தட்டினார்கள். நான் தட்டவில்லை.

ஏன் தட்டவில்லை என்று இந்த எட்டு வருஷத்தில் தமிழ்நாடே எனக்குச் சொல்லிவிட்டது, நான்தான் ஒருத்தருக்கும் சொல்லவில்லை. காரணம் வடை. வேறு ஒன்றும் இல்லை, மெதுவடை. அன்றைக்கு டிபன் லேட், எங்கள் கூட்டத்துக்குக் கடைசியில்தான் வரும், வரும்போது வடை தீர்ந்திருக்கும், அது வழக்கம். அன்றைக்கு என்னமோ தீரவில்லை. இரண்டாவது தரம் போய்க் கேட்டேன், போட்டார்கள், சூடாக, இரண்டாவது வடை என்பது எங்கள் பிழைப்பில் பதவி உயர்வு மாதிரி. கையில் எடுத்தேன், ஷாட் ரெடி என்று கத்திவிட்டார்கள், ஹீரோ சாருக்கு ஃப்ளைட், ஓடுங்க ஓடுங்க என்று பின்னாலிருந்து தள்ளுகிறார்கள். தின்று முடிக்க நேரமில்லை, வாயில் அடைத்துக்கொண்டால் கன்னம் உப்பும், கீழே போட மனசு வரவில்லை, பாக்கெட் தைத்திருக்கிறது. உள்ளங்கையில் வைத்தபடியே போய் நின்றுவிட்டேன். மெதுவடையை இறுக்கிப் பிடித்தால் நசுங்கும், விரலைத் திறந்தால் தெரியும், ஆகவே மூடியும் மூடாமல். கைதட்டச் சொன்னபோதுதான் புத்திக்கு உறைத்தது, தட்டினால் வடை சட்னியாகிவிடும். தட்டாமல் நின்றேன். முகத்தில் என்ன இருந்தது என்று எனக்கு எப்படித் தெரியும், வடையைக் காப்பாற்ற வேண்டுமே, எண்ணெய் மணிக்கட்டில் இறங்குகிறதே, கோட்டில் கறை பட்டால் சம்பளத்தில் பிடிப்பார்களே என்ற கவலைதான் இருந்திருக்கும். கட் சொன்னார்கள். ஒரே டேக்கில் ஓகே. செட்டுத் தட்டிக்குப் பின்னால் போய் நின்று ஆறிப்போன வடையைத் தின்றேன், நன்றாகவே இருந்தது. சாயந்தரம் கறை உள்ளே போகும்படி கோட்டை மடித்துக் குணவதியிடம் கொடுத்தேன். பிடித்தம் வருமென்று ஒரு வாரம் பயந்தேன், வரவில்லை, பார்த்திருக்கமாட்டாள் என்று விட்டுவிட்டேன்.

பார்த்தவர் டைரக்டர், அதுவும் எடிட்டிங்கில். இளம்பரிதி சார் அந்த ஷாட்டை இன்னும் கொஞ்சம் நீட்டி, ஹீரோ சாரின் தோளுக்குப் பின்னால் மெல்ல என்னை மட்டும் தெளிவாக்கி, அதோடு படத்தை முடித்துவிட்டார். தியேட்டரில் கஸ்தூரிதான் முதலில் கண்டுபிடித்தாள். "ஏங்க, நீங்க மட்டும் தட்டல." அவள் அப்படிச் சொன்னபோது வேலை போச்சு என்று நினைத்தேன். மறு வாரம் ஒரு பத்திரிகையில் முழுப் பக்கம். மூடவும் முடியாமல் திறக்கவும் முடியாமல் நிற்கும் அந்தக் கை நம் எல்லோருடைய கை என்று எழுதியிருந்தார் ஒருவர், பேராசை ஊர்வலம் போகும்போது ஓரமாக நிற்கும் மனசாட்சி என்று இன்னொருவர். கஸ்தூரி அதைப் படித்துவிட்டு என் கையைப் பிடித்துப் பார்த்தாள். அப்போதே சொல்லியிருக்கலாம், அவள் சிரித்திருப்பாள். ஆனால் அவள் பார்த்த பார்வை, கல்யாணத்துக்கு அப்புறம் அப்படி அவள் என்னைப் பார்த்தது அன்றைக்குத்தான், அதைக் கெடுத்துக்கொள்ள எனக்குத் தைரியம் வரவில்லை. அப்புறம் நாள் போய்விட்டது. எங்கேயோ ஒரு யூனியன் கூட்டத்தில் என் படத்தை ஃப்ளெக்ஸில் போட்டார்கள். பேருகூடத் தெரியாது அவர்களுக்கு, கை தட்டாத ஆள் என்று போட்டிருந்தார்கள்.

இதெல்லாம்கூடப் போகட்டும். எபிநேசர். அந்த மனுஷரைத்தான் மறக்க முடியவில்லை. பஸ்ஸில் என்னைப் பார்த்துவிட்டு எழுந்து இடம் கொடுத்தார், என்னைவிடப் பெரியவர். வேண்டாங்க என்றேன். உட்காருங்க சார் என்று தோளை அமுக்கி உட்கார வைத்துவிட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு சொன்னார், "அம்பத்தூர்ல ஒரு ஃபேன் கம்பெனில இருந்தேன் சார். எங்களையும் இப்படித்தான் ஒரு ஹால்ல நிக்க வெச்சாங்க. புது மொதலாளி வந்தாரு, இங்கிலீஷ்ல என்னமோ சொன்னாரு. எல்லாரும் கை தட்டுனாங்க, நானும் தட்டுனேன். எங்களை வீட்டுக்கு அனுப்பப் போறாருன்னுதான் சொல்லியிருக்காரு, அது தெரியாம தட்டியிருக்கேன் சார். இந்தக் கையாலதான்." கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நீங்க ஒருத்தராவது தட்டலையே." அழுதார். பஸ்ஸில் எல்லாரும் பார்க்கிறார்கள். நான் என்ன சொல்வேன், வடைங்க என்றா? வடை இல்லாவிட்டால் நானும்தான் தட்டியிருப்பேன், எல்லாரையும்விடச் சத்தமாகத் தட்டியிருப்பேன், சத்தமாகத் தட்டுகிறவனை அடுத்த படத்துக்கும் கூப்பிடுவார்கள். அவருடைய கையைப் பிடித்துக்கொண்டேன், அவர் இறங்குகிற நிறுத்தம் வரைக்கும் பிடித்துக்கொண்டேயிருந்தேன். அந்தக் கையைப் பிடித்த பிறகு வடைக் கதையைச் சொல்லிச் சிரிக்கிற உரிமை எனக்குப் போய்விட்டது.

நான் அந்த ஆள் இல்லை என்று எபிநேசருக்குத் தெரிந்துவிடுமோ என்ற பயம் மட்டும் போகவில்லை. ஆனால் அந்தப் பயமும் நல்லதைத்தான் செய்தது, சொன்னால் சிரிப்பார்கள். ஒரு ஃபைனான்ஸ் கம்பெனி, போட்ட பணம் குட்டி போடும் என்று சொல்கிற ரகம், அதன் ஆட்கள் வீட்டுக்கே வந்தார்கள். விளம்பரமாம். எல்லாரும் கை தட்டுவார்கள், நான் சும்மா நிற்க வேண்டும், கம்பெனி பேரைச் சொன்னதும் நானும் தட்ட வேண்டும். அன்றைக்குத் தட்டாதவர் இன்றைக்குத் தட்டுகிறார், அதுதான் வாசகம். "உங்க கை ஒண்ணு போதும் சார், ஜனம் கண்ண மூடிட்டு நம்பும்" என்றான் அந்தப் பையன். தருகிறேன் என்று சொன்னது என் வாழ்நாளில் கோட்டுப் போட்டுச் சம்பாதித்ததைவிட அதிகம். ஆசை வந்ததா என்றால் வந்தது. பொய் சொல்வானேன், ராத்திரி படுத்துக்கொண்டு மொட்டை மாடியில் ஒரு அறை கட்டி அதற்கு டைல்ஸ்கூடப் போட்டுவிட்டேன். சக்கரவர்த்தி என்ன, எனக்குள்ளேயும் ஒருத்தன் நீலக் கோட்டுப் போட்டு நின்றுகொண்டிருந்தான். கஸ்தூரி ஒன்றும் சொல்லவில்லை, "உங்க கை, உங்க இஷ்டம்" என்றாள், அது ஒன்றும் சொல்லாதது ஆகாது. காலையில் கண்ணாடி முன்னால் நின்று தட்டிப் பார்த்தேன். தட்டும்போது எபிநேசர் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தது வந்து நின்றது. போன் பண்ணி வரலைங்க என்று சொல்லிவிட்டேன். அடுத்த தை பிறப்பதற்குள் அந்தக் கம்பெனிக்காரர்கள் பூட்டைப் போட்டுவிட்டு ஓடிவிட்டார்கள், ஜனங்கள் வாசலில் உட்கார்ந்து மண்ணை வாரித் தூற்றினதை டீவியில் காட்டினார்கள். கஸ்தூரி டீவியையும் பார்த்தாள், என் கையையும் பார்த்தாள். நான் தட்டியிருந்தால் அந்த வாசலில் என் படம் தொங்கியிருக்கும். எபிநேசர் போல எத்தனை பேர் என் கையை நம்பிக் கையிலிருப்பதைப் போட்டிருப்பார்களோ. ஒரு வடை என்னைக் காப்பாற்றியது. உளுந்துக்கும் எண்ணெய்க்கும் அன்றைக்கு மறு தரம் போட்ட மவராசனுக்கும் நான் கும்பிடு போட்டால் யார் நம்புவார்கள். நான் போடுகிறேன்.

இப்போது ரெண்டாம் பாகம். இளம்பரிதி சார் கதை சொன்னபோது எனக்குக் காது அடைத்தது. முதல் பாகம் நின்ற அதே நொடியில் ஆரம்பிக்கிறது. எல்லாரும் கை தட்டிக்கொண்டிருக்க, பின்னால் நிற்கிற அந்த ஆள் மேஜையைச் சுற்றிக்கொண்டு வாசலுக்கு நடக்கிறான். சக்கரவர்த்தி கேட்கிறான், எங்க போறீங்க. அவன் திரும்பாமல் சொல்கிறான், வீட்டுக்கு. அங்கிருந்துதான் சக்கரவர்த்தியின் சரிவு, அந்த ஆள் மற்றவர்களை ஒவ்வொருவராகத் தேடிப்போய்ச் சேர்க்கிறான், படம் நெடுக வருகிறான். நான் வருகிறேன். இருபத்தாறு வருஷத்தில் திரையில் ஒரு வார்த்தை பேசியதில்லை. வீட்டுக்கு. ஒரு வார்த்தைதான், அதை பஸ்ஸில் சொன்னேன், குளிக்கும்போது சொன்னேன், கஸ்தூரி, "வீட்லதானே இருக்கீங்க" என்று சிரிக்கிற அளவுக்குச் சொன்னேன். கஷ்டம் அந்த வார்த்தையில் இல்லை, அதற்கு அப்புறம் வருகிற 'சார்' என்பதில். கோட்டுப் போட்டவனைப் பார்த்து சார் சொல்லாமல் என் வாய் மூடியதேயில்லை. வீட்டுக்கு சார் என்றுதான் வருகிறது. சார் வேணாம் சார், அந்த ஆள் அன்னைக்கோட சார் சொல்றத விட்டுட்டாரு என்றார் டைரக்டர், என்னை சார் போட்டுச் சொன்னார், யோவ் கோட்டு நகருய்யா என்றுதான் இந்தத் தொழிலில் என்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள். இன்னொரு சேதியையும் உதவி இயக்குநர் தம்பி இரக்கப்பட்டுக் காதில் போட்டுவிட்டான். புரொடியூசருக்கு என் பேரில் நம்பிக்கை இல்லை. ஒரு பெரிய குணச்சித்திர நடிகரை வரவழைத்து வெளியே கேரவனில் உட்கார வைத்திருக்கிறார்கள், என் உயரம்தான். இன்றைக்கு நான் தேறவில்லையென்றால் வேஷம் அவருக்கு. பழைய ஷாட்டில் என் முகத்தை எடுத்துவிட்டு அவர் முகத்தைக் கம்ப்யூட்டரில் ஒட்டிவிடலாமாம். அப்படி ஒட்டிவிட்டால் எபிநேசர் பார்த்த ஆளே இல்லாமல் போய்விடுவான்.

கூப்பிடுகிறார்கள். எழுந்து போகிறேன், நிற்பது நமக்குத் தெரிந்த வேலை. ஹீரோ சாரின் வலது தோள், அதே இடம், தரையில் டேப் ஒட்டியிருக்கிறார்கள். மானிட்டரில் பழைய ஷாட்டை நிறுத்திவைத்து என்னையும் அதையும் மாறி மாறிப் பார்க்கிறார்கள், தலைக்குச் சாயம் சரி, மீசை சரி. ஆக்‌ஷன். தட்டுகிறார்கள், நான் தட்டாமல் நிற்கிறேன், நடக்கிறேன், எங்க போறீங்க, வீட்டுக்கு சார். கட். யாரோ சிரிக்கிறார்கள். மறுபடி. வீட்டுக்கு, அதை அமுக்கிப் பிடித்துச் சொல்லிவிட்டேன், சார் வெளியே வரவில்லை, ஆனால் டைரக்டர் எழுந்து வருகிறார், முகம் தெளிவில்லை. "வசனம் இருக்கட்டும் சார். கை. கை அது இல்ல." வலது கையைத் தூக்கிப் பார்க்கிறார், நான் இறுக்கி மூடியிருக்கிறேன், கோபமாக. எல்லாரும் எழுதினார்களே, அடக்கிவைத்த கோபம் என்று, அதைத்தான் ஒரு மாசமாகப் பழகினேன். "அன்னைக்குக் கோவம் இல்ல சார் உங்க கையில. நான் எத்தனையோ தடவை பாத்துட்டேன். எதையோ உடையாமப் புடிச்சிட்டு நிக்கிற மாதிரி இருக்கும். என்ன நெனச்சீங்க அன்னைக்கு? அத நெனச்சுக்குங்க, போதும்." கண்டுபிடித்துவிட்டார் மனுஷர், கிட்டே வந்துவிட்டார், வடை என்ற வார்த்தை ஒன்றுதான் பாக்கி. என்ன நினைத்தேன். ஊரே ஒன்றை நம்பிக்கொண்டிருக்கிறது, நூறு பேர் சுற்றி நிற்கிறார்கள், நான் வாயைத் திறந்தால் படம் நின்றுபோகும் போலிருக்கிறது. தெரியலீங்க சார் என்கிறேன். மறுபடி எடுக்கிறார்கள். கையைத் தளர்த்தினால் செத்த கை, வளைத்தால் வாதக் கை. மறுபடி. புரொடியூசர் வாசல் பக்கம் திரும்பி யாரிடமோ தலையை அசைக்கிறார், ஒருவன் கேரவன் பக்கம் போகிறான். ஹீரோ சார் பொறுமையாகத்தான் நிற்கிறார், வாட்சைப் பார்க்காமல் நிற்கிறார், அவருக்கும் என் நன்றி. டைரக்டர் தலையில் கை வைத்து, கடைசியா ஒண்ணு போயிடலாம் என்கிறார். கடைசியா. கஸ்தூரி இன்றைக்குப் பால் பாயசம் வைத்திருப்பாள். என்ன சொல்வேன் அவளிடம், எட்டு வருஷக் கதை எட்டு நிமிஷத்தில் தீர்ந்தது என்றா.

"ஒரு நிமிஷம் சார், கைப்பட்டி சரியில்ல" என்று ஒரு குரல். குணவதி. தோளில் துண்டு, வாயில் குண்டூசி. கேமராவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு என் முன்னால் நிற்கிறாள், கோட்டுக் கையை இழுத்துவிடுகிறாள், துண்டின் மறைவில் என் உள்ளங்கையில் எதையோ வைக்கிறாள். மெத்தென்று. எண்ணெய்ப் பிசுக்கோடு. ஸ்டூலில் நான் தொடாமல் விட்ட தட்டு, அதிலிருந்த வடை. விரல்கள் தாமாகவே வளைகின்றன, நசுக்காமல், திறக்காமல். "ஒனக்கு..." என்கிறேன். அவள் குண்டூசியோடு வாய்க்குள்ளேயே பேசுகிறாள், "ஒரு டப்பா பவுடர் போட்டுத் தேச்சேன்ணே அன்னிக்கு. அப்பவும் போவல. உள்ள துணிய மாத்தித் தெச்சேன். வட வாசனை எனக்குத் தெரியாதா?" சொல்லலியே நீ யார்கிட்டயும் என்கிறேனா, நினைக்கிறேனா, தெரியவில்லை. "எதுக்குச் சொல்லணும்? எங்க வூட்டுக்காரர அந்த மாதிரிதான் ஒரு கம்பெனிலேந்து அனுப்புனாங்க. நீங்க தட்டாம நின்னதப் பாத்துட்டு ரெண்டு நாள் நல்லா சாப்ட்டாரு. வடயோ கடயோ, நின்னீங்கல்ல." பட்டியை ஒரு தட்டுத் தட்டிவிட்டு, "ரெடி சார்" என்று சத்தமாகச் சொல்லிக்கொண்டு நகர்ந்து போய்விட்டாள்.

ஆக்‌ஷன். தட்டுகிறார்கள், சுற்றிலும் தட்டுகிறார்கள், சிரித்துக்கொண்டே தட்டுகிறார்கள். எனக்கு அது எங்கேயோ கேட்கிறது. என் உசிரெல்லாம் வலது கையில் இருக்கிறது, நசுங்கக் கூடாது, தெரியக் கூடாது, எண்ணெய் மணிக்கட்டில் இறங்குகிறது, இறங்கட்டும், எபிநேசர் கை இது, குணவதி வீட்டுக்காரர் சாப்பிட்ட சாப்பாடு இது, கஸ்தூரி பிடித்துப் பார்த்த கை. மேஜையைச் சுற்றி வருகிறேன், கடல் உப்பி அடங்குகிறது, கால் தரையில்தான் இருக்கிறது. எங்க போறீங்க என்று பின்னாலிருந்து சக்கரவர்த்தி கேட்கிறான். வடையைப் பார்ப்பேனா, சார் போடுவேனா. "வீட்டுக்கு" என்கிறேன். அவ்வளவுதான் வந்தது. வாசலைத் தாண்டிப் பலகைக்குப் பின்னால் இருட்டில் போய் நிற்கிறேன், கட் சொல்லவில்லை, இன்னும் சொல்லவில்லை, கைதட்டல் மட்டும் ஓய்கிறது. அப்புறம் டைரக்டரின் குரல் மைக்கில்லாமல் வருகிறது, ஓகே, அது போதும், அதேதான், அதே கை.

வெளியே வருகிறேன். யார் ஆரம்பித்தார்கள் என்று தெரியவில்லை, தட்டுகிறார்கள், இது ஷாட் இல்லை, கேமரா ஓடவில்லை, அசோசியேட் கத்தவில்லை, ஆனாலும் தட்டுகிறார்கள். கோட்டுக்கூட்டம் தட்டுகிறது, லைட்மேன்கள் மேலே பரணில் உட்கார்ந்தபடி தட்டுகிறார்கள், ஹீரோ சார் தட்டுகிறார், கேரவனிலிருந்து வந்து வாசலில் நிற்கிற அந்தக் குணச்சித்திர நடிகரும் பெருந்தன்மையாகத் தட்டுகிறார். எனக்காக. இருபத்தாறு வருஷமாக மற்றவர்களுக்குத் தட்டிய கை, ஒரே ஒரு தடவை தட்டாமல் போனது, அதற்காக இத்தனை கை தட்டுகிறது. கும்பிட வேண்டும். கையெடுத்துக் கும்பிட்டு நன்றி சொல்ல வேண்டும், அதற்குத்தான் உடம்பு முழுக்கத் துடிக்கிறது, கண்ணில் தண்ணீர் நிற்கிறது, ஆனால் வலது கையைத் திறக்க முடியாது. தலையை மட்டும் குனிகிறேன், எல்லாப் பக்கமும் திரும்பிக் குனிகிறேன். அடக்கத்தைப் பாரு என்கிறார் யாரோ. தலையை நிமிர்த்தும்போது தெரிகிறது, இந்தத் தளத்தில் கை தட்டாதவர்கள் ரெண்டே பேர். நான் ஒருத்தன். இன்னொருத்தி அங்கே காஸ்ட்யூம் பெட்டி ஓரமாக நின்று, விரல்களைத் துண்டில் துடைத்துக்கொண்டிருக்கிறாள். அவள் கையிலும் எண்ணெய்.